ஆர்க்கிட்டும் சனிக்கிழமை மாவும்

வாக்குக் கொடுத்துவிட்டுத் தேவகியைப் போல அவதிப்பட்டவள் ஆம்பூரிலேயே இருக்க முடியாது. பக்கத்து வீட்டு பில்கிஸ் ஹஜ்ஜுக்குக் கப்பலேறப் பம்பாய் புறப்பட்டபோது, தேங்காய் மட்டையும் அடுப்புக்கரியும் நிரப்பிய சட்டியில் வளர்த்த ஆர்க்கிட் செடியை இவள் கையில் கொடுத்து, “என் புள்ள மாதிரி பாத்துக்கோ” என்றாள். இவளும் தலையாட்டிவிட்டாள். முடியாது என்று சொல்ல வாயா இல்லை?

மாதம் ஒன்று ஆகவில்லை, இலையிடுக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. தேவகி பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் புங்க எண்ணெயைக் கலந்து, கந்தல் துணியால் இலை இலையாகத் துடைத்தாள். நாலு நாள் செடி பளிச்சென்று இருக்கும். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான். எறும்புகள் வேறு சாரைசாரையாகச் சட்டியில் ஏறின. எறும்பு வந்தால் கூடவே பூச்சியும் பெருகுகிறது என்பது பார்க்கப் பார்க்க அவளுக்கே பிடிபட்டது. ஆனால் எறும்புக்கு இந்தச் சட்டியில் என்ன வேலை? இலைகள் மஞ்சளித்து உதிர்ந்தன. பில்கிஸ் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கணவர் ராமலிங்கம் தோல் பதனிடும் ஷாப்பில், தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிக்கு மேஸ்திரி. செடிப் பேச்சை எடுத்தாலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

ஒரு சனிக்கிழமை விடியலில் விஷயம் வெளிச்சமாயிற்று. மனுஷன் சட்டியருகே குந்தி, வெல்லம் பிசைந்த அரிசிமாவைச் செடியின் அடியிலேயே எறும்புக்கு வைத்துக்கொண்டிருந்தார். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

“இன்னாங்க இது? தொடச்சித் தொடச்சி என் கை தேஞ்சி போச்சு. நீங்க எறும்புக்கு விருந்து வைக்கிறீங்களா? வேற எடமே கெடைக்கலியா?”

“எறும்பு ஜாஸ்தி வர்ற எடமா பாத்து வைன்னாரு ஜோசியரு.”

“எந்த ஜோசியரு? எதுக்கு?”

அவர் தலை நிமிரவில்லை. “தோல் தொடுற பாவந்தான், நமக்குப் பொறந்த ரெண்டும் தங்கலன்னாரு. இந்த வாயில்லா ஜீவனுங்களுக்குப் போட்டா அடுத்தது தங்குமாம்.”

தேவகிக்கு வந்த ஆத்திரத்தில் சட்டியைப் போட்டு உடைத்திருப்பாள். அடுத்தவள் பொருளாகப் போயிற்று. “இத்தினி நாளா எங்கிட்ட சொல்லித் தொலைச்சா இன்னா? அதுங்க எனக்கும் புள்ளைங்கதானே?”

மாவை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு தெருமுனைப் புங்க மரத்தடிக்குப் போய் அவளே எறும்புக்கு வைத்தாள். அவர் பின்னாலேயே வந்து நின்றார். அதன்பின் சனிக்கிழமை மாவை அவள்தான் பிசைந்தாள். செடிச்சட்டியை ஒரு கல்லின்மேல் ஏற்றி, கல்லைத் தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டில் வைத்தாள். எறும்பு நின்றது. அவர்மேல் இருந்த கோபம் நிற்கவில்லை.

பில்கிஸ் பேரீச்சம்பழத்தோடு திரும்பி வந்தபோது செடியில் மிஞ்சியது ஓர் இலையும், அடியில் ஒரு புதுக் குருத்தும்.

“உங்க புள்ளைய நான் சரியா பாத்துக்கலக்கா” என்று தேவகி சட்டியை நீட்டினாள்.

பில்கிஸ் குருத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். “உசுரோட இருக்கு இல்ல, அது போதும்.”

இரண்டு குழந்தைகளைப் புதைத்தபோதும் ஊரார் முன் அழாத தேவகி, அந்தச் சட்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றபடியே அழுதாள்.