சித்தூரிலிருந்து ஒரு கோல்கீப்பர்

பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான சர்வதேச ஐஸ் ஹாக்கிப் போட்டிக்கு என் மகள் தேர்வான செய்தி வந்தபோது, சித்தூருக்குத் தெரிந்த ஐஸ் இரண்டே வகைதான். ஒன்று கரும்பு ஜூஸ் கடையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருப்பது. இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து மகன் வந்து சேரும்வரை பெரியவரைக் கிடத்தி வைக்கிற பெட்டியில் இருப்பது. மூன்றாவதாக ஒரு வகை உண்டு, அதன் மேல் மனிதர்கள் சறுக்கிக்கொண்டே அடித்துக்கொள்வார்கள் என்பதை ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக விளக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. என் மனைவி அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். நாள் முழுக்க விளக்கிவிட்டுத்தான் வீட்டுக்கே வருகிறேன் என்று சொல்லி அவள் ஒதுங்கிக்கொண்டாள்.

மகள் எட்டாம் வகுப்பில் சக்கர ஸ்கேட்டிங் கற்றுக்கொள்ளப் போனாள். சித்தூரில் அதற்கு இடம் கிடையாது. சனிக்கிழமைதோறும் திருப்பதிக்குப் பஸ். அங்கே ஒரு கோச், ஒரு சிமெண்ட் தளம், பத்துப் பதினைந்து பிள்ளைகள். கோச் கொஞ்ச நாளில் அவர்கள் கையில் மட்டையைக் கொடுத்து ஹாக்கி ஆடவைத்தார். எங்கள் ஊர்ப் பஸ் எந்தச் சனிக்கிழமையும் நேரத்துக்குப் போய்ச் சேராது. இவள் போவதற்குள் மற்றவர்கள் எல்லா இடங்களையும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். மிச்சம் இருப்பது கோல். இப்படியாக என் மகளுக்குள் ஒரு கோல்கீப்பர் ஒளிந்திருக்கிறாள் என்பதைக் கண்டுபிடித்த பெருமை கோச்சுக்குச் சேராது, பஸ்ஸுக்கே சேரும்.

அந்தச் சக்கர ஹாக்கியிலிருந்துதான் ஐஸ் அணிக்கு ஆள் எடுத்தார்கள். அணியில் பாதிக்குமேல் லடாக் பிள்ளைகள். நடக்கக் கற்ற வயதிலேயே உறைந்த ஏரியில் சறுக்கியவர்கள். கோல்கீப்பர் மட்டும் போதவில்லை போலிருக்கிறது. பந்துக்குப் பதில் பறந்து வருகிற ரப்பர் வட்டை எல்லாம் உடம்பால் வாங்கிக்கொள்ளும் வேலைக்கு மலையிலும் போட்டி குறைவுதான்.

பயிற்சி முகாம் வடக்கே ஒரு மாலுக்குள் இருக்கிற ஐஸ் தளத்தில். போவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது கோச் எனக்குப் போன் செய்தார். அவர் தெலுங்குக்காரர். என்னிடம் பேசும்போது மட்டும் தமிழைக் கலந்துகொள்வார்.

"சார், பாப்பாக்கு சலி பழக்கம் லேது. அங்க போயி திடீர்னு குளிர்ல நின்னா உடம்பு தாங்காது. மீ ஃபேக்டரில கோல்ட் ரூம் உந்தி கதா?"

இருக்கிறது. சித்தூருக்கு வெளியே ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் நான் குளிர்கிடங்கு சூப்பர்வைசர். மைனஸ் பதினெட்டில் டிரம் டிரம்மாகக் கூழ் உறைந்து நிற்கும். நாட்டின் மானத்தைக் காக்கப் போகிற பெண்ணை அந்த டிரம்களுக்கு நடுவே நிறுத்திப் பழக்க வேண்டும் என்பது கோச்சின் விஞ்ஞானம். மேனேஜரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, பாதுகாப்பு ஜாக்கெட் போட வேண்டும், பத்து நிமிடத்துக்கு மேல் கூடாது, டிரம்களைத் தொடக்கூடாது என்று மூன்று நிபந்தனை போட்டார்.

கோச்சும் கூடவே உள்ளே வந்தார். நான்காவது நிமிடம் அவர் பல் தந்தி அடிக்க ஆரம்பித்தது. "நேனு பைட்ட உண்ட்டானு, வெளியில நிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர், வெயிலில் நின்ற லாரியின் பானெட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். மகள் பத்து நிமிடமும் நின்றாள். உட்கார்ந்து எழுந்தாள், பக்கவாட்டில் தாவினாள். வெளியே வந்து, "நைனா, மூக்கு கீதா பாரு" என்று தொட்டுக் காட்டினாள்.

முகாமுக்குப் போன மூன்றாம் நாள் போன் வந்தது. "நைனா, இங்க உங்க ரூம் அளவுக்குக் குளிரே இல்ல. அந்த டிரெஸ்ஸு, ஹெல்மெட்டு எல்லாம் மாட்டிக்கினு நின்னா வேர்த்து ஊத்துது. கோச்சுக்குச் சொல்லிடாத, பாவம்."

நான் சொல்லவில்லை. அவர் இன்றுவரை அந்தக் குளிர்கிடங்குப் பயிற்சியைப் பற்றிப் புதிய பெற்றோர்களிடம் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்.

போட்டி மத்திய ஆசியாவில் ஒரு நகரத்தில். அதன் பெயரை எங்கள் வீட்டில் யாரும் இதுவரை ஒரே மாதிரி இரண்டு முறை சொன்னதில்லை. ஐந்து நாட்டு அணிகள், ஆளுக்கு நான்கு ஆட்டம். இன்டர்நெட்டில் நேரடியாகக் காட்டுவார்கள் என்று தெரிந்ததும் எங்கள் சபையில் ஒரு பரபரப்பு. எங்களுடையது மிஷன் காலத்துப் பழைய தமிழ்ச் சபை. ஞாயிறு ஆராதனைக்கு நாற்பது பேர் வந்தால் கூட்டம். முதல் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்துக்கே அமைந்துவிட்டதால், சபை மண்டபத்தில் புரொஜெக்டரில் பார்ப்பது என்று மூப்பர் முடிவு செய்தார். அன்று எழுபது பேர் வந்திருந்தார்கள். கர்த்தருக்காக வராதவர்கள் எல்லாம் ஐஸுக்காக வந்தார்கள்.

போதகர் ஜெபம் பண்ணினார். தாவீதையும் கோலியாத்தையும் நினைவூட்டினார். ஆட்டம் ஆரம்பித்த இரண்டாவது நிமிடமே அன்று கோலியாத்துக்கு நல்ல நாள் என்று தெரிந்துவிட்டது.

எதிரணிப் பிள்ளைகள் சறுக்கிய வேகத்தில் வட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வலைக்குப் பின்னால் விளக்கு எரிந்தால்தான் கோல் என்று புரியும். விளக்கு அடிக்கடி எரிந்தது. ஆறாவது கோலுக்குப் பிறகு மண்டபத்தில் தேநீர் கொடுத்தார்கள். பத்தாவதுக்குப் பிறகு பாட்டுக்குழுப் பெண்கள் மதிய சமையலை நினைத்துக்கொண்டு எழுந்தார்கள். மூப்பர் மட்டும் முன் வரிசையில் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தார். நடுவில் வேகமாக ஓடிக்கொண்டிருந்த லடாக் பெண் ஒருத்தியைக் காட்டி, "பாத்தியா, நம்ம பாப்பா எப்டி ஓடிக்கினு கீது!" என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். ஹெல்மெட் மாட்டினால் பதினேழு பிள்ளைகளுக்கும் ஒரே முகம். நான் திருத்தவில்லை. பொய் சொல்வது பாவம் என்றாலும் சும்மா இருப்பதைப் பற்றி வேதத்தில் தெளிவாக எதுவும் இல்லை.

என் மனைவி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளிக்கூட நோட்டைத் திறந்து பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. மகள் வாங்கிய கோல்களை இப்படியா எண்ணிக்கொண்டிருப்பாள் என்று எனக்கு எரிச்சல்.

பதினேழுக்குப் பூஜ்யம் என்று ஆட்டம் முடிந்தது. மூப்பர் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார்.

"மனச வுட்றாத. நம்ம பாப்பா நல்லாதான் ஆடுது. அந்தக் கோல்ல நிக்குது பாரு ஒரு பொண்ணு, அதுதான் எல்லாத்தையும் வுட்டுடுச்சி. அதுக்குப் பதில் ஒரு கட்டையை நட்டிருந்தாக்கூட நாலு நின்னிருக்கும்."

என் மனைவி நோட்டை மூடாமலே எழுந்தாள்.

"அண்ணா, அந்தக் கோல்ல நிக்கறதுதான் நம்ம பாப்பா."

மூப்பர் திரையைப் பார்த்தார். திரையில் அப்போது எங்கள் மகள் முகமூடியை மேலே தள்ளிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கன்னம் சிவந்து, முடி நனைந்து ஒட்டிக் கிடந்தது.

"இன்னொண்ணு," என்று நோட்டை அவர் முன்னால் நீட்டினாள் மனைவி. "இது போன கோல் இல்லண்ணா. அவ தடுத்தது. நாப்பத்தியொண்ணு. அம்பத்தெட்டு தபா அடிச்சாளுங்க, நாப்பத்தியொண்ணு நின்னுச்சி. உங்க கட்டை நாலுதான் நிறுத்தும்னு நீங்களே சொல்றீங்க."

இருபது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் கணக்கு எனக்கு எதிராகத்தான் வந்திருக்கிறது. எங்கள் பக்கம் வந்தது அன்று ஒரு நாள்தான். மூப்பர் அந்தக் கோடுகளைத் தானும் ஒரு தடவை எண்ணினார். "தெரியாம சொல்லிட்டேம்மா," என்றார். பிறகு பழக்கதோஷத்தில், "ஆனாலும் பதினேழு கொஞ்சம் ஜாஸ்தி," என்றும் சேர்த்துக்கொண்டார்.

இரண்டாவது ஆட்டத்துக்கு மண்டபத்தில் பதினோரு பேர். மூன்றாவதற்கு மண்டபத்தையே திறக்கவில்லை. புரொஜெக்டர் பல்பு போய்விட்டது என்றார்கள். மறுநாள் ஜெபக்கூட்டத்துக்கு அதே பல்பு நன்றாக எரிந்தது என்று கேள்விப்பட்டேன். இரண்டு ஆட்டத்திலும் தோல்விதான். தெருவில் என்னைப் பார்த்தவர்கள் துக்கம் விசாரிக்கிற குரலில் பேசினார்கள். "பரவால்ல, அடுத்த வருசம் என்ட்ரன்ஸ் எழுதட்டும்" என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். அவருடைய பையன் மூன்று வருடமாக அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறான்.

நான்காவது ஆட்டம் வியாழக்கிழமை மதியம். எனக்கு டியூட்டி, மனைவிக்குப் பள்ளி. எங்கள் அணியைப் போலவே மூன்றிலும் தோற்றிருந்த அணியுடன் ஆட்டம். கிடங்குக்கு வெளியே இருக்கிற தகர ஷெட்டில் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். உணவு இடைவேளைக்கு வந்த தொழிலாளிப் பெண்கள் ஒவ்வொருவராகச் சுற்றி நின்றார்கள். பாலசமுத்திரத்திலிருந்து வேன் ஏறி வருகிற ஒரு அம்மாள் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சார் அது, கண்ணாடி மேல ஓடுதுங்க?"

"ஐஸும்மா. அந்தக் கோடியில நிக்கறது என் பொண்ணு."

"அது இன்னா பண்ணணும்?"

"அந்தக் கறுப்பு வட்டு வலைக்குள்ள போவாம பாத்துக்கணும்."

"அவ்ளோதான? சொல்றத வுட்டுட்டு போன இப்டித் திருப்பு."

ஐஸ் ஹாக்கியை நான் இவ்வளவு சீக்கிரம் வேறு யாருக்கும் விளக்கி முடித்ததில்லை. அந்த அம்மாள் சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு துன்ன மறந்து நின்றாள். மகள் ஒரு வட்டைக் காலை நீட்டித் தடுத்தபோது, "அப்டிப் போடு!" என்று என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டாள். மேனேஜர் சத்தம் கேட்டு வந்தார். "ஏமிட்டி இக்கட, என்ன இங்க?" என்று அதட்ட ஆரம்பித்தவர், போனைப் பார்த்ததும் தனக்கு ஒரு ஸ்டூல் போடச் சொன்னார். கோல்ட் ரூமில் மூன்று நிபந்தனையோடு வளர்ந்த பெண்ணல்லவா.

ஒன்றுக்கு ஒன்று. பிறகு அந்த லடாக் பெண் ஒரு கோல் போட்டாள். இரண்டுக்கு ஒன்று. கடைசி நிமிடத்தில் எதிரணி மொத்தமும் எங்கள் கோல்முன் வந்து மொய்த்தது. மகள் ஐஸில் விழுந்து கிடக்கிறாள், அவள்மேல் நான்கு பேர், வட்டு எங்கே என்று தெரியவில்லை. அந்த நொடியில் படம் நின்றது. நடுவில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஷெட்டில் பன்னிரண்டு பேர் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். மேனேஜர் தன் போனைக் கொடுத்தார், அதிலும் அதே வட்டம்.

படம் திரும்பி வந்தபோது எங்கள் பிள்ளைகள் கையுறைகளைக் காற்றில் வீசிவிட்டு ஒருத்திமேல் ஒருத்தி விழுந்துகொண்டிருந்தார்கள். பாலசமுத்திரத்து அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்ளோ பேரு மேல வுழுந்தா அந்தப் பாப்பாக்கு மூச்சு முட்டாதா?" என்றாள். அடியில் கிடந்தது என் மகள்தான்.

ஐந்து அணிகளில் நாங்கள் நான்காவது. ரேணிகுண்டா விமான நிலையத்துக்கு அழைத்துவரப் போனால் வாசலில் ஒரு பெரிய ஃபிளெக்ஸ். உள்ளூர்த் தலைவர் ஒருவரின் முகம் முக்கால் பாகம். மூலையில் என் மகளின் பத்தாம் வகுப்புப் புகைப்படம், கையில் யாரோ ஒட்டிவைத்த புல்தரை ஹாக்கி மட்டை. மேலே தெலுங்கில் 'உலக சாம்பியனுக்கு வரவேற்பு'. தலைவர் அவளுக்கு மாலை போட்டு, "பங்காரு தல்லி, தங்கத் தாயி! கோல்டா, சில்வரா?" என்று கேட்டார்.

"நாலாவது சார்."

"நாலாவது கோல்டா!" என்று தலைவர் மைக்கை நோக்கித் திரும்பினார். "இது இந்தப் பெண்ணின் நான்காவது தங்கம்" என்று தெலுங்கில் அறிவித்தார். கைதட்டல் பலமாக இருந்தது. கோச் மட்டும் கைதட்டாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேர்மையானவர். மகள் மைக்கைக் கேட்டு வாங்கினாள். "அஞ்சு டீம்ல நாலாவதா வந்தோம். மூணு மேட்ச் ஓட்டமி. ஒண்ணு ஜெயிச்சோம்," என்று தெலுங்கும் தமிழுமாகச் சொன்னாள். ஓட்டமி என்றால் தெலுங்கில் தோல்வி. தலைவர் மைக்கைத் திரும்ப வாங்கி, "எவ்ளோ அடக்கம் பாருங்க!" என்றார். மறுபடி கைதட்டல்.

காரில் சித்தூர் வரும் வழியில் மகள் பின் சீட்டில் அம்மா மடியில் தலை வைத்துக்கொண்டாள். கழுத்தோரம் நீலம் பாரித்து ஒரு காயம்.

"மொத மேட்ச்ல எட்டாவது கோலுக்கு அப்றம் அழுதுட்டேன்மா," என்றாள். "மாஸ்க் போட்டுக்கினு இருக்கறதுல ஒரு சௌகரியம், யாருக்கும் தெரியல. ஆட்டம் முடிஞ்சி அவங்க கோல்கீப்பர் வந்து என் கால் பேட்ல மட்டையால தட்டினா. இன்னாமோ சொன்னா, பாஷை புரியல. ஆனா சிரிக்கல."

மனைவி அவள் முடியைக் கோதிவிட்டபடி, "இன்னா துன்றே சொல்லு," என்று கேட்டாள். களியும் கோழிக்குழம்பும் என்றாள். அது வாயிலிருந்து முழுசாக வருவதற்குள் தூங்கிப்போனாள்.