காற்றடித்தால் துணி தேய்க்கும் வீடு

எங்கள் தெருவில் ஒரு வதந்தி உலவியது. மூலை வீட்டில் காற்றடித்தால் உடனே துணி தேய்க்கிறார்களாம். தேய்த்து மடித்து வைத்ததைப் பிரித்து மறுபடியும் தேய்க்கிறார்களாம். வீட்டுக்காரருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார் மளிகைக்கடைக்காரர். பிசகவெல்லாம் இல்லை, காற்றைப் பிடித்துக் கரண்ட் ஆபீசுக்கு விற்றுக் காசு பார்க்கிறார் என்றார் அங்கே சோப்பு வாங்க வந்தவர். இரண்டில் எது உண்மை என்று பார்த்துவிட, கசங்கிய சட்டை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குப் போனேன்.

வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஊரில் பாதி வீட்டு ஃபிரிட்ஜ் அவர் கைபட்டது. அவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவுக்கு மட்டும் ஒரு நாற்காலி முட்டுக் கொடுத்திருக்கிறது. அவர் மனைவி வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவர். பகலில் வெட்டுவார், மாலையில் மிஷினில் உட்காருவார். தெருவில் கரண்ட் போவதும் சொல்லிவைத்தாற்போல் மாலை ஆறிலிருந்து எட்டு வரை. அதற்காகவே மூன்று வருடத்துக்கு முன் மெக்கானிக் மொட்டை மாடியில் ஆறு சோலார் பேனல் போட்டு, மாடிப்படிக்கு அடியில் பேட்டரிகளையும் இன்வெர்ட்டரையும் அடுக்கினார். வெயில் மாதங்களில் குறையில்லை. மழை மாதங்களில் பேட்டரி ஆறரைக்கே கையை விரித்தது. போன வருடம் நானூறு சீருடை ஆர்டரில் பாதி வேறு தையல்காரரிடம் போய்விட்டது.

மழை நாளில் வெயில் இல்லாவிட்டால் என்ன, காற்று இருக்கிறதே என்று இந்த வருடம் ஒரு சின்னக் காற்றாலை வாங்கினார். நீண்ட இரும்புக் குழாயின் உச்சியில் மூன்று இறக்கை. குழாய் சாயாமலிருக்க நாலு பக்கமும் இழுகம்பி. மூன்று கம்பிக்குச் சொந்த மாடியில் இடம் இருந்தது. நாலாவது, பக்கத்து வீட்டு நர்ஸின் மாடிச் சுவரில் கொக்கி போட்டு மாட்டியது.

நான் போனபோது வெயில் சுள்ளென்று அடித்தது, காற்றும் கிளம்பியது. மெக்கானிக் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த சட்டையைப் பார்த்தார்.

"சார், அதைக் குடுங்க! அடியே, அயர்ன் பாக்ஸைப் போடு! பேட்டரி நெறைஞ்சிருச்சு!"

"இந்தப் பாவாடையை இதோட நாலு தடவை தேய்ச்சாச்சுங்க. இன்னொரு தடவை தேய்ச்சா அந்தப் பக்கம் தெரியும்."

"அப்ப மிக்ஸியைப் போடு."

"போட்டு என்னத்தை அரைக்கிறது? உங்க மூளையையா?"

இது சண்டையில்லை, மின்சாரம். சோலாருக்குப் பழகிய கை செய்த தப்பு. பேட்டரி நிறைந்ததும் கம்பியைத் துண்டித்துவிடும் கன்ட்ரோலரைத்தான் சோலாருக்கு வைப்பார்கள். துண்டித்தால் பேனல் பாட்டுக்கு வெயிலில் படுத்துக் கிடக்கும். மெக்கானிக் அதே கன்ட்ரோலரைக் காற்றாலைக்கும் மாட்டிவிட்டார். காற்றாலை படுக்கிற ஜாதியில்லை. இழுக்கச் சுமை இல்லையென்றால் தறிகெட்டுச் சுற்றி ஊளையிடும். நிறுத்த வேண்டுமானால் காற்று குறைந்த நேரம் பார்த்து மேலே ஏறி இறக்கையைக் கட்ட வேண்டும். அதனால் காற்றடித்தால் வீட்டில் யாரும் உட்காரக் கூடாது. எதையாவது ஓட்டிப் பேட்டரியைக் கொஞ்சம் காலி செய்துகொண்டே இருக்க வேண்டும். கரண்டை விற்பதாவது! சும்மா வாங்கிக்கொள்ளக்கூட ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

என் சட்டை இஸ்திரிப்பெட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் மேலே ஊளை எழுந்தது. இரண்டே நிமிடத்தில் நர்ஸ் வாசலில் நின்றார், இரவு டியூட்டி முடித்துப் படுத்த தலையோடு.

"அண்ணே, ராத்திரி முழுக்க முப்பது பேரைத் தூங்க வச்சுட்டு வர்றேன். என் ஒருத்தியைத் தூங்க விட உங்களுக்கு மனசு வரலையே. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். அன்னிக்கும் கத்துச்சுன்னா என் செவுத்துக் கொக்கியைக் கழட்டிருவேன்."

"கழட்டினா கம்பமே சாஞ்சுருமே சிஸ்டர்."

"அதான் முன்கூட்டியே சொல்றேன். நீங்களே இறக்கிருங்க."

அவர் போனபின் மனைவி இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "முந்நூத்தம்பது ஆர்டர் வாங்கியிருக்கேன். மழைக்கு ரெண்டு வாரம்கூட இல்லை" என்றார். கேலி ஏதும் சேர்க்கவில்லை. மெக்கானிக்குக் கலக்கம் வந்தது அப்போதுதான்.

வெள்ளிக்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. "ஐஸ் கட்டுதா? கட்டட்டும்மா, நாளைக்கு வர்றேன்." மிஞ்சிய கரண்டை வெந்நீராக்கிவிடலாம் என்று ஒரு பழைய கீசர் கம்பியை, இன்வெர்ட்டர் இல்லாமல் நேரே பேட்டரியோடு இணைத்து, தண்ணீர் டிரம்மில் இறக்கினார். அது வீட்டுக் கரண்டுக்குச் செய்த கம்பி. இருபத்துநாலு வோல்ட் பேட்டரியை மதிக்கவே இல்லை. தண்ணீர் சூடேறாமல் பச்சைத் தண்ணீராகவே இருந்தது, ஊளையும் நிற்கவில்லை. சனிக்கிழமை இரண்டு பஸ் மாறி எங்கோ போய், இருபத்துநாலு வோல்ட் ஹீட்டர் கம்பியும், துண்டிக்காமல் மிச்சத்தை அதற்குத் திருப்பிவிடும் புது கன்ட்ரோலரும் வாங்கி வந்தார். அன்று மாலை சாப்பாட்டுத் தட்டோடு மாடிக்கும் படிக்கு அடியிலிருந்த பேட்டரிக்கும் எத்தனை முறை ஏறி இறங்கினார் என்று எண்ண முடியவில்லை.

ஞாயிறு காலை, என்ன ஆகிறதென்று பார்க்க நானும் போயிருந்தேன். பத்தரைக்குக் காற்று வந்தது. பேட்டரி நிறைந்தது. மனைவி பழக்க தோஷத்தில் இஸ்திரிப்பெட்டியை எடுத்தார். "தொடாதே!" என்றார் மெக்கானிக், மேலே பார்த்தபடி. கன்ட்ரோலர் 'டக்'கென்றது. இறக்கைகள் ஒரு கணம் முனகி, அதட்டு வாங்கிய பிள்ளைபோல் வேகம் குறைத்தன. டிரம்மில் தண்ணீர் மெல்ல இரைய ஆரம்பித்தது. நாங்கள் மூவரும் பக்கத்து வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது திறக்கவில்லை. சாயங்காலம் நாலு வரை திறக்கவில்லை.

நாலே காலுக்கு நர்ஸ் வந்தார். மெக்கானிக் ஒரு வாளி வெந்நீரை நீட்டினார். "தினமும் இருக்கும் சிஸ்டர். எவ்வளவு வேணாலும் எடுத்துக்கங்க."

"கொக்கி இருந்துட்டுப் போகட்டும்" என்று நர்ஸ் வாளியை வாங்கினார். உள்ளே தையல் மிஷின் ஓட ஆரம்பித்தது. "ஆனா வெந்நீர் வேற, தூக்கம் வேற. இதை மாட்டினதுலேர்ந்து போன பதினோரு நாள் தூக்கம் எனக்குத் தரணும் நீங்க."

"பதினொண்ணா? அதுல ரெண்டு நாள் காத்தே இல்லையே!"

"அந்த ரெண்டு நாளும் எப்ப கத்தும் எப்ப கத்தும்னு முழிச்சுட்டுல்ல படுத்திருந்தேன்."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "சரி, பதினொண்ணே இருக்கட்டும். எப்படிக் குடுக்கிறது?"

"அதை நீங்கதான் யோசிக்கணும்."

போன வாரம் விசாரித்தேன். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாராம். பதினொன்றும் அப்படியே நிற்கிறது.