வலது முனை கொஞ்சம் கம்மி

என் சித்திக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரிடமாவது எதையாவது கேட்டால், பதில் வரும் அளவுக்கு நேரம் விடுவாள். பிறகு பதில் வந்தாலும் வராவிட்டாலும் மேலே பேசிக்கொண்டு போவாள். "மழை வருமா?" என்பாள். இரண்டு நொடி. "சரி, குடை எடுத்துக்கறேன்." கடைக்காரர், பஸ் கண்டக்டர், பக்கத்து அறைக்காரி என்று எல்லோரிடமும் இப்படித்தான். பதில் சொல்ல வாயெடுத்தவர்கள் பாதியில் நின்று விழிப்பார்கள். பதினோரு வருடமாக இதைப் பார்க்கிறேன். இதை அவள் எங்கே கற்றாள் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில், என் அம்மாவிடம்.

சித்திக்குக் கல்யாணம் ஆகவில்லை, அப்போது எங்களோடுதான் இருந்தாள். அம்மா, அப்பா, சித்தி எல்லோரும் கட்டுப்பாடு மிகுந்த ஒரு மதச் சபையைச் சேர்ந்தவர்கள். சபையில் பாட்டு கேட்கக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாது, வெளியாட்களின் சாவுக்குப் போகக்கூடாது. அம்மாவும் சித்தியும் வேலை செய்த சட்டைக் கம்பெனியில் பட்டன் தைக்கும் ஒரு பெண் பிரசவத்தில் இறந்துபோனாள். சித்தி போனாள், அழுதாள். யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஓய்வு நாள் கூட்டத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கச் சொன்னார் சபைப் பெரியவர்.

"போனதுக்குக் கேக்கணுமா, அழுததுக்குக் கேக்கணுமா?" என்றாள் சித்தி.

"ரெண்டுக்கும்."

"போனதுக்கு வேணா கேக்கறேன். அழுதது என் கையில இல்ல."

வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டாள். முன் வரிசையில் இருந்த அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

அன்றிலிருந்து சித்தி 'வெளியே போனவள்'. வெளியே போனவரோடு பேசக்கூடாது, சேர்ந்து சாப்பிடக்கூடாது, கையிலிருந்து எதையும் வாங்கக்கூடாது. அறை கிடைக்கும்வரை மூன்று மாதம் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அம்மா தட்டை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். "உப்பு போட்டியாக்கா?" என்று கேட்டுவிட்டு சித்தி கொஞ்ச நேரம் நிற்பாள். "சரி, போட்டிருப்ப" என்று எடுத்துச் சாப்பிடுவாள்.

வயது வந்தபின் தாமாக முன்வந்துதான் சபையில் உறுதிமொழி எடுப்பார்கள். அதுவரை பிள்ளைகளுக்கு இந்தத் தடை இல்லை. ஆகவே எனக்கு மட்டும் சித்தி உண்டு. இரண்டு தெரு தள்ளி அவள் எடுத்த ஒற்றை அறையில்தான் பரீட்சைக்குப் படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அதற்கும் சபையில் தடைதான். "கணக்கு எழுதப் பழகுறேன்னு சொல்லிக்கோ. நீ எழுதற பரீட்சையில எங்கயாவது ஒரு கணக்கு இருக்கும்ல?" என்று வழி கண்டுபிடித்தது அம்மாதான். விதியில் சந்து பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அப்படிப்பட்டவள் சொந்தத் தங்கையோடு பேச மட்டும் ஒரு சந்து தேடவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. கல்லூரியில் சமூகவியல் பாடத்தில் இதற்கு ஒரு பெயர் வந்தது. சமூக விலக்கு. ஐந்து மதிப்பெண் கேள்வி. நாலரை வாங்கினேன். வாங்கி என்ன? அன்று மாலை வீட்டுக்கு வந்து, சித்தியைப் பற்றி எதுவும் பேசாமல், அம்மா எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சந்து தேடியது சித்திதான். இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவைச் செக்கர் ஆக்கினார்கள். தைத்த சட்டைகளை மேஜையில் விரித்து, தப்பு இருந்தால் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பும் வேலை. சித்தி பதினாலாம் நம்பர் மெஷினில் காலர் தைப்பவள். கம்பெனியில் அவளுக்குப் பெயரே காலர்க்காரிதான். சபை விதியில் ஒரு வரி உண்டு. பிழைப்புக்கு அவசியமான சொல் குற்றமாகாது. பன்னிரண்டு வருடம் ஒரு காலர்கூட திரும்பி வராத சித்தி, அம்மா செக்கர் ஆன மூன்றாம் நாள் ஒரு காலரைக் கோணலாகத் தைத்தாள்.

ஸ்டிக்கரோடு வந்தது. சித்தி அதைத் தூக்கிக்கொண்டு அம்மா மேஜைக்குப் போனாள்.

"என்ன தப்பு? எனக்குத் தெரியலையே."

அம்மா அம்புக்குறியைத் தொட்டுக் காட்டினாள்.

"அங்க என்ன? வாயில சொன்னாத்தானே திருத்த முடியும்?"

சுற்றிலும் ஆட்கள். சூப்பர்வைசர் வேறு பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சட்டையைப் பார்த்தபடி சொன்னாள்: "வலது முனை கொஞ்சம் கம்மி."

அன்று சாயங்காலம் சித்தி என்னிடம் இதை மூன்று தடவை சொன்னாள். "நாலு வார்த்தைடீ! ஒன்பது வருஷம் கழிச்சு நாலு வார்த்தை. அதுலயும் 'கொஞ்சம்'னு ஒண்ணு. அது அவசியமே இல்ல, அவளா போட்டா."

"காலரைப் பத்தித்தானே சித்தி சொன்னா?"

"இன்னைக்குக் காலர். நாளைக்குக் காலரோட சேர்த்து என் மூஞ்சியையும் பாத்து ஒண்ணு சொல்லுவா. 'ஏண்டி இப்படி இளைச்சுட்டே'ன்னு ஒண்ணு கேட்டா போதும் எனக்கு."

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு வார்த்தை. அதற்காக ஒரு வருடத்துக்கும் மேல் வாரத்துக்கு இரண்டு, மூன்று காலர் கெடுத்தாள். "இடது பக்கம் சுருக்கம்", "நூல் மாறியிருக்கு", "பட்டி ஏறியிருக்கு". எல்லாம் வேலைச் சொற்கள். சித்தி சலிக்கவில்லை. வாரக்கணக்கு தினக்கணக்கானது.

அந்தச் சமயத்தில்தான் நான் பட்டம் வாங்கிவிட்டு வேலை இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். சித்தி சொல்லி அதே கம்பெனி ஆபீசில் ஒரு வேலை கிடைத்தது. எந்த மெஷினில் எத்தனை சட்டை தப்பாக வந்தது என்று கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். முதல் பட்டதாரி, கோணல் சட்டை எண்ணினேன். ஆபீஸ் மாடியில் இருந்தது. கண்ணாடி வழியாகக் கீழே மொத்தத் தளமும் தெரியும்.

எப்போதும் கழுத்தில் விசிலோடு திரிவதால் சூப்பர்வைசரை எல்லோரும் விசில் என்றுதான் சொல்வார்கள். ஒரு நாள் அவர் என் கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அம்மா மேஜைக்குப் போனார். "காலர்க்காரிக்குக் கண்ணு போயிடுச்சா? இன்னும் ஒரு வாரம் இப்படியே போச்சுன்னா பதினாலுக்கு வேற ஆள் போட்டுருவேன். சொல்லி வைங்க."

அம்மா சொல்லி வைக்கவில்லை. மறுநாளிலிருந்து பதினாலுக்கு நேரே பூஜ்யம். அடுத்த நாளும் பூஜ்யம். சித்தி திருந்திவிட்டாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் அறைக்குப் போனால் கோபத்தில் குதித்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு நாலு தப்பு தைச்சேன்டீ. ஒண்ணும் திரும்பி வரல. கோணல் சட்டையே வாங்கற பார்ட்டிக்குப் போனாலும் பரவால்ல, என்கிட்ட வாயத் தொறக்கக் கூடாதுன்னு இருக்கா உங்கம்மா."

"விசில் உன்னை எடுத்துடப் போறாரு சித்தி."

"எடுக்கட்டுமே பாக்கலாம். காலருக்கு அவன் எங்க போவான்?"

மறுநாள் மதிய மணி அடித்ததும் நான் கீழே பார்த்தேன். எல்லோரும் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்கள். சித்தியும் போனாள். அம்மா மட்டும் மேஜைக்கு அடியிலிருந்து நாலு சட்டைகளை எடுத்தாள். சாம்பிள் தைக்கும் மூலை மெஷினில் உட்கார்ந்து, சித்தி தைத்த காலரைப் பிரித்து, திருப்பித் தைத்தாள். மணி அடிப்பதற்குள் நாலும் முடிந்தது. சாப்பாட்டு டப்பா திறக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏம்மா, ஒழுங்கா தைன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுடுமே. அது வேலைச் சொல்தானே?"

"அவ அதோட நிப்பாளா? ஒண்ணு சொன்னா ஒன்பது கேப்பா. நானும் சொல்லிடுவேன். என்னை எனக்குத் தெரியும்."

"அவ வேணும்னேதான் தப்பா தைக்கறா, தெரியுமா?"

அம்மா முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "இவ்வளவு அழகா கோணல் தைக்க வேற யாருக்கு வரும்?"

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. எல்லாம் தெரிந்துதான் செய்கிறாள்!

"அவகிட்ட சொல்லிடாத. தெரிஞ்சா, நான் அவகிட்ட பேசின மாதிரிதான் ஆகும்" என்றாள். சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? உறுதிமொழி எடுக்காதவள் நான், எடுக்கும் எண்ணமும் இல்லாதவள். பேசாதிருப்பது கொடுமை என்று மூன்று பக்கம் எழுதத் தெரிந்தவள். சித்தியைக் கேட்டால் அவள் பக்கம் நியாயம், அம்மாவைப் பார்த்தால் அவள் திறக்காத டப்பாதான் கண்ணில் நிற்கிறது. நான் வாய் திறக்காததற்கு அம்மாமேல் இரக்கம் காரணமா, அல்லது எனக்குள்ளும் அந்தச் சபை உட்கார்ந்திருக்கிறதா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

ஏழு மாதம் இப்படிப் போனது. ஒரு மதியம் விசில் சாப்பாட்டு நேரத்தில் மறந்துபோன மூக்குக்கண்ணாடியை எடுக்க உள்ளே வந்தார். செக்கர் மெஷினில் உட்காரக்கூடாது. தான் தைத்ததைத் தானே பாஸ் பண்ணுவது கம்பெனியில் பெரிய குற்றம். யாருடைய சட்டை என்று கேட்டார். அம்மா சொல்லவில்லை. பழைய ஆள் என்று வேலையை விட்டு நிறுத்தவில்லை. மறுநாளிலிருந்து பேக்கிங் மாடியில் நூல் வெட்டப் போட்டார்கள். அங்கே ஸ்டூல் கிடையாது. எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே வெட்ட வேண்டும்.

சித்திக்குத் தெரிந்ததெல்லாம், செக்கர் மேஜையில் புது ஆள் இருந்ததுதான்.

"மாடி ஏறிட்டா பாத்தியா?" என்றாள் என்னிடம். கண் சிவந்திருந்தது. "ஒரு வார்த்தைக்குப் பயந்து, இருந்த வேலையையே மாத்திக்கிட்டுப் போயிட்டா. நான் என்ன புலியா? கடிச்சா தின்னுடுவேன்?"

"அவளா கேட்டுப் போகல சித்தி."

"பின்ன?"

அந்த நாலு சட்டையைச் சொல்ல வாயெடுத்தேன். "கம்பெனிலதான் மாத்தினாங்க" என்றேன்.

"அவ கேக்காம அவங்களா மாத்துவாங்களாக்கும். நீயும் உங்கம்மா பொண்ணுதானே."

அந்த வாரமே கணக்கை முடித்துக்கொண்டு வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டாள். பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "உங்கம்மாகிட்ட சொல்லு. நான் யாருக்கும் எதுவும் பாக்கி வைக்காம போறேன்னு."

வீட்டில் அம்மா தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, வீங்கிய கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சித்தி சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை. அம்மா நிமிராமல் கேட்டாள்:

"பஸ்ல உக்கார எடம் கெடச்சுதா?"

பதினோரு வருடத்தில் சித்தியைப் பற்றி அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. "கெடச்சுது" என்றேன். கேட்க வேண்டியவள் அதற்குள் பாதி தூரம் போயிருப்பாள். இதை ஒரு மாதம் முன்னால் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கக்கூடாதா என்று கத்தத் தோன்றியது. தைலத்தை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தேன்.

சித்தி வாரம் ஒருமுறை போன் செய்கிறாள். புதுக் கம்பெனியில் அவள் காலர் ஒன்றுகூடத் திரும்பி வருவதில்லையாம். "இங்க தப்பா தைச்சு யார்கிட்ட என்ன கேக்கப் போறேன்?" என்கிறாள். அம்மாவைப் பற்றி விசாரிப்பதில்லை. அவளோடு தனக்கு இனிக் கொடுக்கல் வாங்கல் ஒன்றும் இல்லை என்கிறாள். ஏழு மாதத்து மதியச் சாப்பாடும், உட்கார்ந்து பார்த்த ஒரு வேலையும் அவள் என் அம்மாவுக்குப் பாக்கி. அது இருப்பதே அவளுக்குத் தெரியாது. "சரி சித்தி" என்று சொல்லி நான் போனை வைக்கிறேன். பேக்கிங் மாடியில் அம்மா இன்றும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள்.