கயிற்றுக்கு இப்புறம்

மலேசியாவின் கோலசிலாங்கூரில் நான் காலையில் காப்பி அருந்தும் கடையின் சுவரில் ஒரு வண்ணத்தாள் ஒட்டியிருக்கிறது. இவ்வட்டாரத்தில் பயணிகள் காணத்தக்கவை என்று சில படங்கள்: ஆற்றோரத்து மின்மினிகள், மலைமேல் கலங்கரை விளக்கம், மனிதர் கையிலிருந்து கடலை வாங்கித் தின்னும் குரங்குகள். குரங்குகளுக்குக் கீழே, ஈஜோக் பக்கத்துத் தோட்டமொன்றின் மாரியம்மன் தீமிதி. ஓய்வு பெறும்வரை நான் கிராணியாக அலுவலகக் கணக்கெழுதிய தோட்டம் அது. தாயகத்து நண்பர்களுக்கு இது விந்தையாக இருக்கும். தஞ்சைப் பக்கத்தில் எங்கள் திருவிழாவுக்கு வருபவனை, யார் வீட்டுக்கு வந்திருக்கிறாய் என்றுதான் முதலில் கேட்போம். ஒரு வீட்டின் பெயரைச் சொன்ன பிறகே அவனுக்கு மோர் கிடைக்கும். இங்கே எந்த வீட்டுக்கும் வராமல் திருவிழாவுக்கு மட்டும் பேருந்தில் வந்து இறங்குகிறார்கள்.

இவ்வாண்டு நானும் அவர்களோடுதான் நின்றேன்.

என் மனைவி சரஸ்வதி காலமாகி ஓராண்டு நிறையவில்லை. துக்க வீட்டார், கோயிலையும் தீக்குழியையும் சுற்றி மாவிலை கோத்துக் கட்டிய கயிற்றைத் தாண்டக் கூடாது என்பது தோட்டத்து வழக்கம். வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு கடன் நின்றுபோயிருந்தது. சென்ற ஆண்டுத் திருவிழாவுக்குப் பிறகு எனக்கு மாரடைப்புக் கண்டு கிள்ளான் மருத்துவமனையில் கிடந்தபோது, நான் எழுந்து வீடு வந்தால் அம்மனுக்குப் பட்டுப்புடவை சாத்துவதாக அவள் நேர்ந்துகொண்டாள். கப்பலில் வந்திறங்கிய புதிதில், இந்த ரப்பர்க் காட்டில் யாருமில்லை என்று அழுதவள், இக்கோயிலைக் கண்டதும்தான் தேறினாள். "இவளும் நம்மள மாதிரி கப்பல் ஏறி வந்தவதானே" என்பாள். நான் பிழைத்தேன். அரக்கு நிறத்தில் மாம்பழக் கரையிட்ட புடவையை அவளே தேர்ந்தெடுத்து வாங்கி வந்தாள். இவ்வாண்டுத் திருவிழாவுக்கு முன்பே அவள் போய்விட்டாள். புடவை அலமாரியில் தங்கிவிட்டது.

தீமிதிக்கு முதல் நாள் முனியாண்டியின் வீட்டுக்குப் போனேன். என் காலத்தில் தொழிலாளர்களை மேற்பார்த்த மண்டோர் அவர். இப்போது கோயில் தலைவர். நாற்காலியைத் துடைத்துப் போட்டு என்னை அமர்த்தினார். வந்த காரியத்தைச் சொன்னேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க கிராணி ஐயா. அம்மா போயி இன்னும் வருசம் திரும்பல. அந்த வீட்டுப் புடவைய நான் எப்படி உள்ள வாங்குறது? அடுத்த வருசம் தாராளமா செய்யலாம்."

அடுத்த வருடம் திருவிழா உண்டா என்று கேட்டேன். தோட்டம் விலைபோய்விட்டது. தொழிலாளர் லயங்களில் பாதி வீடுகள் காலி; இளையவர்கள் ரவாங் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள்.

உள்ளேயிருந்து அவர் மனைவிதான் பதில் சொன்னாள்: "நமக்காவது பிளாட்டு தர்றேன்னு சொல்றாங்க. அம்மனுக்கு எங்க எடம் லா?"

உயிரோடு இருந்தவள் நேர்ந்ததை, பின்னால் வந்த தீட்டு எப்படித் தொடும் என்று எனக்குள் ஒரு வாதம் இருந்தது. ஆயினும் மண்டோர் வீட்டில் வாதாடுவது எனக்குத் தகாது. எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் பிற்பகல் புடவையை வெள்ளித் தட்டில் தேங்காய், பூவோடு வைத்து ஏந்திக்கொண்டு, கயிற்றுக்கு இப்புறம் நின்றேன். பேருந்து வந்தது. டென்மார்க்கிலிருந்து வந்த ஓர் அம்மையார், ஏறக்குறைய என் வயதினர், என் ஆங்கிலத்தைக் கேட்டு அருகில் வந்தார். நான் ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டார். மனைவி இறந்ததைச் சொன்னேன். அப்படியானால் நீங்களும் எங்களைப் போல விருந்தாளிதானா என்றார். இன்று மட்டும் என்றேன்.

சற்று நேரத்தில் பயணிகளைக் கயிற்றுக்குள் அழைத்தார்கள். முனியாண்டியே அந்த அம்மையார் கையிலிருந்து பழத்தட்டை வாங்கிப் பூசாரியிடம் கொடுத்தார். மாலையிட்டு, தோளில் துண்டு போர்த்தி அனுப்பினார். அப்போதுதான் எனக்கு வழி தெரிந்தது. அந்த அம்மையாருக்குத் தீட்டில்லை. அவர் கையால் போனால் புடவை போய்ச் சேரும்.

அவர் திரும்பி வந்ததும் தட்டை நீட்டினேன். இது என் மனைவி ஆசையோடு வாங்கி வைத்தது என்று ஆங்கிலத்தில் ஒழுங்காகத்தான் தொடங்கினேன். அவர் முடிவுவரை பொறுக்கவில்லை. உள்ளே மாலையும் துண்டும் பெற்றவர், இதையும் விருந்தாளிக்குரிய மரியாதையாகவே கொண்டார். புடவையை இரு கைகளாலும் எடுத்து, துண்டின்மேல் போர்த்திக்கொண்டார். கண்கள் நிறைந்துவிட்டன. உங்கள் மனைவியின் பரிசை என் ஆயுள் உள்ளவரை வைத்திருப்பேன் என்றார்.

"நமக்கு ஒரு கைத்துண்டு குடுத்திருப்பாரா கிராணி? வெள்ளக்காரிக்குப் பட்டு பாரு" என்று பின்னால் ஒரு பெண் சொல்ல, பலர் சிரித்தார்கள்.

முனியாண்டி அவர்களை அதட்டிவிட்டு என்னிடம் வந்தார். "பெரிய மனசு ஐயா ஒங்களுக்கு. நாங்க வாங்க முடியாதத வந்தவங்களுக்குக் குடுத்து, அம்மா பேர காப்பாத்திட்டீங்க."

அத்தனை பேர் பார்த்திருக்க, கொடுத்ததை எப்படித் திருப்பிக் கேட்பது? கொடுத்ததைத் திரும்பக் கேட்டவன் என்ற பேச்சு எங்கள் குடும்பத்தில் எவர்மேலும் விழுந்ததில்லை. கை குவித்தேன். தீமிதிவரை இருக்க நேரமில்லை, இருட்டுமுன் மின்மினி ஆற்றுக்குப் போய்ச் சேரவேண்டும் என்று வழிகாட்டி அவசரப்படுத்தினான். சன்னலோரத்தில் அரக்கு நிறம் தெரிய, பேருந்து செம்பனைகளுக்கிடையே போய் மறைந்தது.

அந்தியில் யாரோ சாத்திய மஞ்சள் புடவையோடு அம்மன் தீக்குழியின் ஓரத்துக்கு எழுந்தருளினாள். பயணிகள் நின்ற இடத்தில் நான் ஒருவனே இருந்தேன். முனியாண்டியின் மனைவி கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டி, விருந்தாளிகளுக்கென மடித்து வைத்திருந்த பிரசாதப் பொட்டலங்களில் ஒன்றைத் தந்தாள். தட்டில் புடவை இருந்த இடத்தில் அதை வைத்தேன்.

சரஸ்வதி ஒரு முறைதான் கடல் கடந்தாள். அவள் புடவை இந்நேரம் பெயர் மட்டுமே நானறிந்த ஒரு குளிர்நாட்டு வீட்டில், குழியும் நெருப்பும் அறியாத பெட்டியில் மடிந்து கிடக்கும். நான் பிறந்த மண் ஒரு கரையில். என் உயிருக்காக நேர்ந்த புடவை வேறொரு கரையில். உயிர் மட்டும் இங்கே, வெறுந்தட்டைத் துடைத்து அலமாரியில் வைத்துக்கொண்டிருக்கிறது.