குழாயை மூடிய கை

கணவர் வயிற்றிலிருந்து வடிந்த நீர் கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தது. வீட்டிலேயே வயிற்று டயாலிசிஸ் (வயிற்றுக்குள் திரவம் விட்டு எடுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்வது) செய்பவர்களே, பையில் அந்த நிறத்தைக் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அப்போது கரமனை அக்ரகாரத்தில் இருந்தோம். ஒரு நாளில் நான்கு முறை பை மாற்றுவது என் வேலை. திரவம் போய்வர வைத்த ட்யூப் வயிற்றில் நிலைத்தால்தான் அவர் ஆபீசுக்குப் போக முடியும்.

பெரிடோனைட்டிஸ் (வயிற்றின் உட்சவ்வில் கிருமித் தொற்று), இது இரண்டாம் முறை என்றார் டாக்டர். மருந்துக்கு அடங்காவிட்டால் ட்யூபை எடுத்துவிட வேண்டும். கிருமி என் கையிலிருந்து போயிருக்கலாம் என்றும் சொன்னார். எனக்கு வந்ததே கோபம்! குளிக்காமல் அடுப்பைத் தொடாதவள் நான். எனக்கா சுத்தம் சொல்லித் தருகிறீர்கள் என்று நர்ஸிடம் எரிந்து விழுந்தேன்.

அவள் மலையாளி, சின்னப் பெண். “மாமி, ஒண்ணு கை கழுகிக் காணிக்காமோ?” என்றாள்.

வார்டிலேயே கழுவிக் காட்டினேன். விரலிடுக்கு, நகம், மணிக்கட்டு, எல்லாம் அவர்கள் கற்றுக்கொடுத்தபடிதான். பிறகு வழக்கம்போல ஒரு கை ஜலத்தைக் குழாயின் தலையில் விட்டு, திருகி மூடினேன். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான். ஜலம் விட்டால் குழாய் மடி, தீட்டில்லாதது.

“மாமி, இப்போ அந்தக் கை அழுக்காயி,” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

முழங்கையால் மூடச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் இருந்ததும் வார்டில் போலவே திருகுகிற பித்தளைக் குழாய், முழங்கைக்கு அடங்காது. கழுவாத கையால் திறந்த அந்தக் குழாய்க்கு ஜலம் போதும் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். சுத்தமான காகிதத்தால் பிடித்து மூடியிருக்கலாம். நீங்களாவது அப்படிச் செய்யுங்கள்.

மருந்துக்குக் கேட்கவில்லை, ட்யூபை எடுத்தார்கள். அன்று மாலை அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

“யார்கிட்டயும் சொல்லாதே. வந்த பை மோசம்னு சொல்லிக்கலாம்,” என்றார்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அப்படியே சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே காப்பி கொடுத்தேன். வேலையை விட்டுவிட்டு, வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி எந்திரத்தில் படுத்து, ஒன்றரை வருஷம் உயிரோடு இருந்தார்.

குழாய்தான் காரணம் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். எனக்கு அது போதவில்லை. இன்னமும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை உடம்பு தானாக எழுந்து நிற்கிறது. செய்வதற்கு ஒன்றுமில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். சுத்தமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது.