ரேடியோவின் சத்தம் கூடினால்

அகீலாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். யாராவது பேசினால் முகத்தைப் பார்க்கமாட்டாள், கையைப் பார்ப்பாள். பதுளையில் அவளுடைய வாப்பா இத்ரூஸ் புடைவைக் கடை வைத்திருந்தார். "சும்மா பாக்கத்தான் வந்தோம்" என்று சொல்லிக்கொண்டே ஒரு சேலையின் முந்தானையை விடாமல் பிடித்திருக்கும் கைகளை அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். வாய் ஒன்று சொல்ல, கை ஏன் வேறொன்று சொல்கிறது? அந்தக் கேள்விதான் அவளைக் கொழும்புக்கு அனுப்பி உளவியல் படிக்க வைத்தது.

இப்போது செவ்வாய்க்கிழமை தோறும் பஸ் ஏறிப் பெரகல சந்திக்கு வருகிறாள். அங்கே ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில், ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தின் அறையில் உட்கார்ந்திருப்பாள். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து மனதில் பாரத்தோடு வருகிறவர்கள் பேசுவார்கள், அவள் கேட்பாள். "கேட்டுக்கிட்டு இருக்கிறதெல்லாம் ஒரு தொழிலா?" என்று மாமி ஷஹீலா இன்றைக்கும் கேலி செய்வதுண்டு.

அறை என்று சொன்னாலும் பாதி அறைதான். நடுவே பலகைத் தடுப்பு. அதற்கு அப்பால் காத்திருப்பவர்கள் உட்காரும் வாங்கு. உள்ளே தும்மினால் வெளியே கேட்கும். பேசுகிறவர்களின் அந்தரங்கத்தைக் காப்பாற்ற அகீலா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அலுவலக வேலைகளைப் பார்க்கும் அலவி நானா, ஆள் உள்ளே போனதும் வாங்கின் அருகிலிருக்கும் தன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிடுவார். அந்த ஏற்பாட்டில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

லூசியா வந்தது அந்த அறைக்குத்தான். ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவத்தில் அவளுக்கு வேலை. புருஷன் எட்வர்ட் இறந்த நாளிலிருந்து அவளுக்குக் குரல் இல்லை. காற்று மட்டும் வந்தது. தொண்டையில் கோளாறு ஒன்றும் இல்லை என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் இங்கே அனுப்பியிருந்தார்கள்.

"மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன்னு தோட்டத்துத் தொரை சொல்லிட்டாருங்க" என்றாள் முதல் நாள், காற்றுக் குரலில். "சத்தம் இல்லாத ஆளு எப்படிப் புள்ளைகளப் பாக்குறது? அடுப்புக்கிட்ட ஒன்னு போனா கூப்பிட முடியல. வேற ஆளப் போடப் போறாங்க. புள்ளைக இல்லாட்டி எனக்கு அந்த வீட்ல என்ன இருக்குங்க மிஸ்?"

அவ்வளவுதான். வெளியே ரேடியோ உரக்கப் பேசத் தொடங்கியதும் லூசியா ஒரு கையின் பெருவிரலை மற்றக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். கண் கதவுக்குப் போயிற்று. அதன்பின் எதைக் கேட்டாலும் "ஆமாங்க", "இல்லைங்க", "நல்லா இருக்கேங்க" என்பதுதான் பதில்.

துக்கத்தைத் தொட அஞ்சுகிறாள் என்று அகீலா நினைத்தாள். ஆழமாக மூச்செடுக்கச் சொல்லிப் பார்த்தாள். அடுத்த வாரமும் அதே "ஆமாங்க", அதே மூடிய விரல். ஆனால் அன்று விடைபெறும்போது ஒன்று நடந்தது. மருந்துக் கடைக்கு வந்தவர்களுக்கும் கேட்கும் படிக்கட்டில் நின்று, லூசியா தானாகவே எட்வர்டைப் பற்றிச் சொன்னாள். அவர் கறிக்கு உப்புப் போதாதென்று ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லையாம். எழுந்து போய் உப்புப் போத்தலை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டு சும்மா இருப்பாராம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். விரல்கள் விரிந்திருந்தன.

பதுளைக்குத் திரும்பும் பஸ்ஸில் அகீலாவுக்கு அதே யோசனை. நாலு பேர் கேட்கும் படிக்கட்டில் பேசுகிறவள், யாருக்கும் கேட்காத அறையில் ஏன் வாயை மூடுகிறாள்?

அடுத்த செவ்வாய்க்கிழமை, தனக்குத் தெரியாததைத் தெரியாது என்றே கேட்டுவிட்டாள்.

"லூசியாக்கா, படியில நல்லாப் பேசுனீங்க. இங்க வந்தா முடியுதில்ல. இந்த அறையில உங்களுக்கு என்ன செய்யுது? எனக்கு விளங்கல."

லூசியா தடுப்பைப் பார்த்தாள். "உள்ள என்னமோ நடக்குதுன்னு வெளிய எல்லாருக்கும் தெரியுமேங்க."

"எப்படித் தெரியும்?"

"ரேடியோவக் கூட்டுறாங்களே."

அகீலாவுக்கு இன்னும் பிடிபடவில்லை. லூசியா பொறுமையாகச் சொன்னாள். தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக இருக்கும் வீடுகளில், வீட்டுக்கு வீடு நடுவில் ஒரு சுவர்தான். அதுவும் கூரை வரைக்கும் போகாது. புருஷன் அடித்தாலும், பிள்ளை அழுதாலும், கடன்காரன் வந்தாலும் ரேடியோவைக் கூட்டுவார்கள். "சத்தம் கூடுச்சுன்னா உள்ள கஷ்டம்னு அர்த்தம். பக்கத்து வீட்ல வாய மூடிக்கிட்டு இருந்திருவாங்க. யாரும் போய்க் கேக்கமாட்டாங்க. அதுதான் மரியாதங்க."

தான் திரையென்று நினைத்துத் தொங்கவிட்டது, இவளுக்குக் கொடியாகத் தெரிந்திருக்கிறது. அகீலா எழுந்து கதவைத் திறந்தாள்.

"அலவி நானா, ரேடியோவ நிப்பாட்டுங்க."

"மேட்ச் முடிய ரெண்டு ஓவர்தான் ஈக்கி, மிஸ்."

"நிப்பாட்டிட்டு, வாங்குல ஈக்கிற ஆக்களக் கூட்டிட்டுப் போய்த் தேத்தண்ணி வாங்கிக் குடுங்க. நீங்களும் குடிங்க."

"மேட்ச் உள்ள கடையாப் பாத்துப் போறன்" என்று முனகிக்கொண்டே அவர் போனார். கீழே பஸ்களின் ஹோர்ன் தெளிவாகக் கேட்டது. லூசியா எழுந்து, வாங்கு காலியாகிவிட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு அந்தக் காற்றுக் குரலில் கதை வந்தது.

எட்வர்ட் விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார், அவ்வளவுதான். அன்றைக்குப் பக்கத்து வீட்டுத் தம்பையாவின் மகளுக்குக் கல்யாணம். வாசலில் பந்தல், அடுப்பில் பெரிய சட்டி, உறவெல்லாம் வந்தாயிற்று. லயத்தில் சாவு விழுந்தால் கல்யாணம் நிற்கும். நின்றுபோன கல்யாணத்துப் பெண்ணை ஊர் என்ன பேசும் என்பது லூசியாவுக்குத் தெரியும். அந்தப் பெண் பிள்ளை மடுவத்தில் அவள் மடியில் வளர்ந்தவள். மகள் ஜெசீகா அலற வாயெடுத்தபோது லூசியா அவள் வாயைப் பொத்தி, ரேடியோவைக் கூட்டினாள். பெண்ணை ஏற்றிக்கொண்டு வேன் கோயிலுக்குப் புறப்படும்வரை இருவரும் எட்வர்டின் இரண்டு பக்கத்திலும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

கேட்டுக்கொண்டிருந்த அகீலாவுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லியும்விட்டாள்.

"பாவம், பக்கத்து வீட்டு ஆக்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரியும்."

கனத்த, கரகரத்த, முழுக் குரல். கீழே மருந்துக் கடையில் யாரோ பேச்சை நிறுத்தினார்கள். லூசியாவே திடுக்கிட்டுத் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"தெரியும் மிஸ். விடியக்காலையில ரேடியோ அந்தச் சத்தம் போட்டா என்னான்னு தெரியாதா? வேன்ல ஏறுறப்ப தம்பையா பொஞ்சாதி எங்க கதவப் பாத்தா. பாத்துட்டு ஏறிட்டா."

"அதை நினைச்சா இப்ப எப்படி இருக்கு?"

"எரியுதுங்க. அவர் போனதவிட அந்தப் பார்வதான் எரியுது." குரல் மறுபடி தேயத் தொடங்கியது. "ஆனா மறச்சது நான். ரேடியோவக் கூட்டுனது நான். நானே மூடிவச்சிட்டு, நீங்க ஏன் வரலன்னு எந்த வாயால கேக்குறது?"

கடைசிச் சொல் காற்றாகவே வந்தது. கேட்கக் கூடாத ஒரு கேள்விக்குக் காவலாக, இத்தனை நாளும் தொண்டை முழுவதையும் பூட்டி வைத்திருந்தாளோ? அகீலாவுக்கு அப்படித் தோன்றியது. ஆனால் அதைத் தீர்ப்பாகச் சொல்லவில்லை. "அந்தக் கேள்விய இங்க, என்கிட்ட கேட்டுப் பாருங்கக்கா. நான் தம்பையா பொஞ்சாதின்னு வச்சுக்கங்க" என்றாள்.

லூசியா முதலில் வெட்கப்பட்டாள். "அவ இவ்வளவு வெள்ளையில்லைங்க" என்றாள். இருவரும் சிரித்தார்கள். பிறகு கேட்டாள். முதலில் காற்று, அடுத்ததில் கரகரப்பு, அதன் பிறகு அழுகை. அந்த அழுகைக்குச் சத்தம் இருந்தது. தேநீர் குடித்துவிட்டு வந்த அலவி நானா படியிலேயே நின்று, மேலே வந்துகொண்டிருந்தவர்களைக் கையைக் காட்டி இறக்கிவிட்டார்.

அன்று மாலை பஸ் ஹப்புத்தளையைத் தாண்டும்போது அகீலா தன் கைகளைக் கவனித்தாள். பெருவிரல் மற்றக் கைக்குள் மூடியிருந்தது. போன வருஷம் வாப்பா மௌத்தாகிக் கிடந்த அன்று, "சத்தம் போடாம அழுங்க பிள்ளை" என்று யாரோ முதுகைத் தடவினார்கள். அவளும் அப்படியே செய்தாள். அந்தச் சத்தம் எங்கே போயிருக்கும்? தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடியில் மூடுபனி ஒட்டியிருந்தது. விரலை மெல்ல விடுவித்தாள்.

அடுத்த வாரம் லூசியா நேரத்தோடு வந்தாள். குரல் கரகரப்பாகத்தான் இருந்தது, ஆனால் இருந்தது.

"கேட்டுட்டேங்க மிஸ். பைப்படியில வச்சுக் கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"கொடத்த கீழ வச்சிட்டா. 'கேட்டிச்சு அக்கா. கதவத் தட்டுனா நீ மறச்சது வீணாப் போயிருமேன்னு தட்டல'ன்னா. அப்புறம் அழுதா. நானும் நல்லா ஏசிட்டுத்தான் அழுதேன்."

"கோவம் போயிருச்சா?"

லூசியா யோசித்தாள். "பாதி இருக்குங்க. இருந்துட்டுப் போகட்டும்."

"மடுவத்துல?"

"தொரை நேத்து வந்து வாசல்ல நின்னு என் சத்தத்தக் கேட்டுட்டுப் போனாரு. நீயே இருன்னுட்டாரு."

அகீலாவுக்கு ஒன்றை அறியாமல் இருக்க முடியவில்லை. "அப்ப நீங்க என்ன பேசிக்கிட்டு இருந்தீங்க? பாட்டா?"

"பாட்டு எங்கேங்க" என்றாள் லூசியா. கை இரண்டும் விரிந்து மடியில் கிடந்தன. "'டேய், செருப்ப வாயில வைக்காதடா'ன்னு கத்துனேன். மடுவம் பூரா அழ ஆரம்பிச்சிருச்சு. என் சத்தத்தையே மறந்து போச்சுங்க, அந்தப் புள்ளைக."