நான் சொன்ன சாட்சி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பாடியில் வேலைக்குப் போக பூந்தமல்லியில் ஏறவேண்டிய பஸ்ஸை ஒரு காலையில் தவறவிட்டேன். வழியில் அதன்மேல் லாரி மோதியது. அதில் போன, என்னோடு வேலை பார்த்த ஒருவர் இறந்துபோனார்.

இரண்டு வாரம் கழித்து ஆராதனையில் எழுந்து, "கர்த்தர் என்னைத் தாமதிக்க வைத்துக் காப்பாற்றினார்" என்று சாட்சி சொன்னேன். இறந்தவரின் மனைவி எஸ்தர் பின்வரிசையில் இருந்ததை உட்காரும்போதுதான் கவனித்தேன்.

வெளியே வந்ததும் எஸ்தர், "பிரதர், ஊட்டுக்கு வந்துட்டுப் போங்க" என்றார். சண்டைக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். வீட்டில் அவருடைய அண்ணன் வாசலை அடைத்து உட்கார்ந்ததும் சந்தேகம் வலுத்தது. உன்னைக் காப்பாற்றியவர் என் புருஷனை ஏன் விட்டார் என்று கேட்டால் என்ன சொல்வது? எஸ்தர் கொடுத்த டீயைத் தொடவில்லை.

"பஸ் பின்னாடி ஓடியாந்தீங்களாமே பிரதர். அவருக்கு உக்கார எடம் கெடச்சுதா? கால் வலிக்குதுன்னு சொல்லிகினே போனாரு" என்றார் எஸ்தர்.

அவர் படியில் தொங்கிக்கொண்டு போனதைத்தான் நான் பார்த்தேன்.

"ஜன்னலோரம் உக்காந்திருந்தாரு சிஸ்டர்."

எஸ்தர் கண்மூடி, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றார்.

கர்த்தர் அவரை ஏன் விட்டார் என்று இன்றும் எனக்குத் தெரியாது. என்னைத் தேர்ந்தெடுத்துக் காப்பாற்றினார் என்று அதன்பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை.